உங்கை நில்லு

ஹீலோ, ஹவாய்
12 ஜனவரி 1986

அன்பின் அண்ணைக்கு,

ஸ்ரெல்லா எழுதிறன். கையெழுத்தைக் கண்டவுடனை மடிச்சு மேசை லாச்சிக்குள்ளை வைச்சிடாதேங்கோ. இரண்டு வருசத்திலை மீன்வளப் படிப்பை முடிச்சுக்கொண்டு வந்திடுவாள் எண்டு ஊருக்குச் சொல்லி வைச்ச உங்களுக்கு, அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு கலியாணப் படத்தை மட்டும் அனுப்பித் தலைகுனிய வைச்சனான். அதை மறுக்கேல்லை. இண்டைக்கு எழுதிறது வேறை காரியத்துக்கு. உங்கடை தொழிலைக் கேட்டு.

என்ரை மனுசன் கேயோனியின்ரை ஆக்களுக்கு ஒரு மொழி இருக்கு, எங்களுக்குத் தமிழ் மாதிரி. ஆனால் கேயோனிக்கு அது தெரியாது. தொண்ணூறு வருசத்துக்கு முந்தி இங்கை ஒரு சட்டம் வந்தது, பள்ளிக்கூடத்திலை இங்கிலீசு மட்டும்தான் எண்டு. தங்கடை மொழியிலை வாய் திறந்த பிள்ளையளுக்கு அடி. அடி வாங்கினவை தாய் தேப்பன் ஆன பிறகு தங்கடை பிள்ளையளோடை அதைக் கதைக்கேல்லை. இப்ப எங்கடை கரையிலை அதைச் சரியாய்க் கதைக்கிறது ஆறு கிழடுகள்தான். அதிலை ஒருத்தர் கேயோனியின்ரை பெரிய மாமன், வலைக்காரர்.

பதினொரு குடும்பம் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் துவங்கப் போறம். கேற்றாலை உள்ளுக்கு வந்தால் திரும்பி வெளியிலை போகும் வரைக்கும் அந்த மொழி மட்டும்தான். கணக்கு, பாட்டு, சாப்பாடு, சண்டை எல்லாம் அதிலை. பழைய சட்டத்தை எடுத்துவிடப் போகினமாம். கல்வித் திணைக்களம் எங்களிட்டை எழுத்திலை விதிகள் கேக்குது. இங்கத்தைய வக்கீல் ஒருத்தர் எழுதித் தந்தது இருபத்தேழு பக்கம். பெரிய மாமன் அதைக் கையிலை தூக்கிப் பார்த்திட்டு, நங்கூரத்துக்குப் பாவிக்கலாம் எண்டவர்.

உங்கை குருநகரிலை மீன்பிடிச் சங்கத்துக்கு நீங்கள் எழுதின விதிகள் ஒரே ஒரு பக்கம். பத்து வருசமாய் ஒருத்தராலும் உடைக்கேலாமல் இருக்கு எண்டு, அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அற்புதராணி அக்கா எழுதின கடிதத்திலை இருந்தது. எங்களுக்கும் அப்பிடி ஒரு பக்கம் எழுதித் தருவியளோ? மாலியாவுக்கு மூண்டு வயசாகுது. அவளை அதிலைதான் சேர்க்கப் போறன்.

ஸ்ரெல்லா


குருநகர், யாழ்ப்பாணம்
20 பெப்ரவரி 1986

அன்புள்ள தங்கை ஸ்ரெல்லாவுக்கு,

12.01.1986 எனத் திகதியிடப்பட்ட உன் கடிதம் இம்மாதம் 14ஆம் நாள் கிடைத்தது. இப்பதிலை எழுதத் தொடங்கியபின் ஷெல் சத்தம் காரணமாக மூன்று தடவை மேசையை விட்டு எழ நேர்ந்தது. எனவே தொடர்ச்சி எங்கேனும் அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அங்கு நடைமுறையிலுள்ள சட்டத்தில் எனக்குத் தகைமை இல்லை. இத்துடன் இணைத்திருப்பது சட்ட ஆலோசனை அன்று. வரைவுகளோடு பழகிய ஒருவன் தன் அனுபவத்திலிருந்து எழுதிய குறிப்பு மட்டுமே.

இரண்டாவது, ஓர் ஆட்சேபம். அம்மா உன் மகளின் படத்தைத் தலையணையின் கீழ் வைத்திருக்கிறார். அப்பிள்ளை ஒருநாள் இங்கு வந்தால் தன்னோடு எந்த மொழியில் கதைக்கும் என்று சென்ற ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னிடம் கேட்டார். அக்கேள்வியை உனக்கே அனுப்பி வைக்கிறேன். தாயின் மொழியில் ஒரு சொல்லும் அறியாத பிள்ளைக்கு, தகப்பனின் மொழியில், அதுவும் தகப்பனே அறியாத மொழியில், வேலி கட்டித் தரும்படி நீ என்னைக் கேட்கிறாய். கேட்கும் உரிமை உனக்கு உண்டு. எழுதுவது எனக்கு இலகுவாய் இருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரைவில் எட்டுப் பிரிவுகள் உள்ளன. நான்காம் பிரிவே அதன் உயிர்: “பாடசாலை எல்லைக்குள் எவரும், எக்காரணம் பற்றியும், ஹவாய் மொழி தவிர்ந்த வேறெந்த மொழியையும் பேசலாகாது.” மும்முறை மீறும் குடும்பம் பாடசாலையிலிருந்து நீங்க வேண்டும் என்பது ஐந்தாம் பிரிவு.

விதிவிலக்கு எதையும் வேண்டுமென்றே வைக்கவில்லை. கோயில் வளவில் வலை காயவிடலாகாது என்ற சங்க விதியில் “அவசியமேற்பட்டாலன்றி” என்று முதலில் ஒரு சொல் சேர்த்திருந்தேன். மறுவாரமே குருநகர் முழுவதற்கும் அவசியம் ஏற்பட்டது. பூசைக்கு வந்த சுவாமியார் வலையில் கால் சிக்கி விழுந்த பின்னர்தான் அச்சொல்லை நீக்கினேன்.

சி. கனிசியஸ்
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு

(இதன் கீழுள்ள வெற்றிடம் கோடிட்டு அடைக்கப்பட்டுள்ளது.)


ஹீலோ
6 மே 1986

அன்பின் அண்ணைக்கு,

உங்கடை எட்டுப் பிரிவையும் நான் இங்கிலீசிலை சொல்ல, பெரிய மாமன் அவையின்ரை மொழியிலை திருப்பினவர். ஒரு பின்னேரம் முழுக்க இருந்தம். நாலாம் பிரிவு வந்தவுடனை ஆள் எழும்பி நடக்கத் துவங்கிட்டார். “இதை எழுதினவனுக்கு ஆர் அடிச்சது?” எண்டு கேட்டவர். ஒருத்தரும் அடிக்கேல்லை, ஆள் வக்கீல் எண்டன்.

இப்ப நான் சொல்லப் போறதுக்காகத்தான் இந்தக் கடிதம். “இந்த எல்லை” எண்டு எழுதேக்கை பெரிய மாமன் என்னட்டைக் கேட்டார், எந்த “இந்த” எண்டு. அவையின்ரை மொழியிலை அதுக்கு மூண்டு சொல்லு. கேயியா எண்டால் எனக்குக் கிட்ட இருக்கிறது. கேலா எண்டால் இரண்டு பேருக்கும் தூரத்திலை இருக்கிறது. நடுவிலை கேனா, அது கேக்கிற ஆளுக்குக் கிட்ட இருக்கிறது. இங்கிலீசிலை இரண்டுதான் இருக்கு. கேயோனிக்கும் மற்றத் தாய் தேப்பனுக்கும் இந்த நடுச்சொல்லுத்தான் தொண்டையிலை முள்ளு. நான் கதிரையாலை எழும்பிட்டன். இது, உது, அது! எங்கடை “உது”, அண்ணை! கொழும்புத் தமிழாக்கள் கேட்டுச் சிரிக்கிற உதே உது. பெரிய மாமன் என்னை ஒருமாதிரிப் பார்த்து, எங்கை படிச்சனீ எண்டார். குருநகரிலை எண்டன். இப்ப தாய் தேப்பனுக்கு அவர் நடத்திற மொழி வகுப்பிலை நான்தான் முதலாம் பிள்ளை.

அதுக்குப் பிறகு உங்கடை கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசிச்சன். நான் உங்களுக்கு எழுதேக்கை “உங்கை” எண்டு எழுதிறன். நீங்கள் இருக்கிற இடம் எண்டதாலை. நீங்கள் எனக்கு “அங்கு” எண்டு எழுதிறியள். உங்களுக்கும் தூரம், எனக்கும் தூரம். அப்ப நான் எங்கை நிக்கிறன், அண்ணை?

அம்மாவின்ரை கேள்விக்கு மறுமொழி: போன மாசம் துவங்கிட்டன். கடற்கரைக்கு நடக்கேக்கை மாலியாவோடை தமிழ்தான். இதுவரைக்கும் பதினாலு சொல்லு. அம்மாவிட்டைச் சொல்லுங்கோ.

இன்னொண்டு. கடிதத்துக்குக் கீழை கோடு கீறி அடைச்சு விடுறியள். நான் என்ன, நீங்கள் சொல்லாத ஏதும் அன்பான வார்த்தையைக் களவாய்ச் சேர்த்து எழுதிப்போடுவனோ?

ஸ்ரெல்லா


யாழ்ப்பாணம்
18 ஜூன் 1986

அன்புள்ள தங்கைக்கு,

உன் 06.05.1986 கடிதத்திற்கான பதில்.

பதினான்கு சொற்கள் பற்றிய செய்தியை அம்மாவுக்கு அறிவித்தேன். அவை எவையென எழுதும்படி கேட்கிறார்.

நீ சுட்டிய சொல் பற்றி: பேச்சில் அதற்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. நானும் வீட்டில் அவ்வாறே கதைக்கிறேன். எழுத்தில், குறிப்பாகப் பத்திரங்களில், அதனைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. காணி உறுதிப் பத்திரம் ஒன்றில் “உந்தக் காணி” என்று எழுதினால், எதிரே இருப்பவர் எழுந்து போனதும் காணி எங்கே இருக்கிறதென எவருக்கும் தெரியாது போகும். அச்சொல்லின் பொருள் முழுவதும், கேட்பவர் தம் இடத்தை விட்டு அசையாமல் இருப்பதில் தங்கியுள்ளது. இக்காலத்தில் அத்தகைய உறுதிமொழியை எவரால் தர இயலும்?

கோடு இடுவது பத்திரம் எழுதும் பழக்கம். உன்னைச் சந்தேகித்து அன்று.

சி. கனிசியஸ்
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு

(கோடிட்டு அடைக்கப்பட்டுள்ளது.)


ஹீலோ
29 செப்ரெம்பர் 1987

அன்பின் அண்ணைக்கு,

பள்ளிக்கூடம் திறந்து நாலு கிழமை. பழைய சட்டம் போயிட்டுது. பத்தொன்பது பிள்ளையள். மாலியா முதல் நாள் அழுதவள், இரண்டாம் நாள் பாடினவள், மூண்டாம் நாள் தேப்பனைத் திருத்தினவள். உங்கடை ஒரு பக்கத்தைச் சுவரிலை சட்டம் போட்டுக் கொழுவியிருக்கு.

அந்த ஒரு பக்கம் இப்ப என்னைத்தான் பிடிச்சிருக்கு.

இரண்டாம் கிழமை, நான் பிள்ளையைக் கூட்டப் போகேக்கை, ஓடி வந்தவள் படியிலை விழுந்திட்டாள். முழங்காலாலை இரத்தம். “ஐயோ என்ரை பிள்ளை, எங்கை நோகுது?” எண்டு கத்திப்போட்டன். கேற்றுக்கு உள்ளுக்கை நிண்டு. மனுவேல் எண்டு ஒரு தேப்பன், லொறி ஓடுறவர், பக்கத்திலை நிண்டவர். முதல் நாளே இங்கிலீசிலை கதைச்சு இரண்டு தரம் பிடிபட்ட மனுசன். “வேறெந்த மொழியும் எண்டுதானே எழுதியிருக்கு, இது என்ன மொழி?” எண்டு கேட்டார். பகிடியாய்த்தான் துவங்கினார், குழுவிலை போய் முறைப்பாடாய் முடிஞ்சுது. அடுத்த கிழமை றோட்டைக் கடக்கப் போனவளைப் பார்த்து “கவனம்” எண்டன். ஒரு சொல்லு, அண்ணை. அதுவும் உள்ளுக்கை நிண்டுதான். இரண்டு மீறல் எண்டு எழுதியாச்சு.

இன்னும் ஒண்டு எண்டால் மாலியா வெளியிலை. இப்ப கேற்றுக்குள்ளை போனால் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறன். அவையின்ரை மொழியிலை எனக்குக் கதைக்கத் தெரியும். ஆனால் பிள்ளை விழேக்கை வாயிலை வாறது அதில்லை. தமிழை விட்டால் மாலியா எங்கடை அம்மாவோடை கதைக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டால் தேப்பன்ரை ஆக்களோடை கதைக்கமாட்டாள்.

பெப்ரவரி கடைசியிலை பொதுக்கூட்டம். பெரிய மாமன் என்ரை பக்கம். தாய்க்கு ஒரு விதிவிலக்குக் கேட்டால் கிடைக்கும் எண்டுறார். நாலாம் பிரிவுக்கு ஒரு வரி சேர்த்து எழுதித் தாங்கோ. நீங்கள் கட்டின வேலி, வழியும் நீங்கள்தான் வைக்க வேணும்.

ஸ்ரெல்லா


யாழ்ப்பாணம்
17 ஜனவரி 1988

அன்புள்ள தங்கைக்கு,

உன் செப்ரெம்பர் கடிதம் இம்மாதம் 9ஆம் நாளே கைக்கு வந்தது. ஒக்ரோபரில் இந்தியப் படை நகருக்குள் நுழைந்தபோது இங்கு நிகழ்ந்தவற்றை அங்குள்ள பத்திரிகைகளில் வாசித்திருப்பாய். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். என் அலுவலகத்திற்குக் கூரை இல்லை. உறுதிப் பிரதிகள் அம்மாவின் கட்டிலின் கீழ் இருக்கின்றன. அவற்றின் மேல்தான் அவர் நித்திரை கொள்கிறார். ஊரின் எல்லைகள் எல்லாம் தன் முதுகை உறுத்துவதாகச் சொல்கிறார்.

நீ கேட்ட வரியை எழுதினேன். “பிள்ளையின் தாய் தன் தாய்மொழியில் பேசுவது இதற்கு விலக்கு” என்பது அது. எழுதிக் கிழித்தேன். மறுநாள் மீண்டும் எழுதி, மீண்டும் கிழித்தேன். உன் தமையனாக அவ்வரி நிற்க வேண்டும் என்றே விரும்புகிறேன். வரைந்தவனாக அதனை உனக்குத் தர இயலவில்லை. திரு. மனுவேலுக்கும் ஒரு தாய்மொழி உண்டு. அது ஆங்கிலம். உனக்குத் திறக்கும் வழியால் அவரும் வருவார். பின்னர் அந்த ஆறு முதியவர்களும் வலை காயும் வளவில் பூசைக்கு வந்த சுவாமியாரின் நிலையில் இருப்பர்.

வேறொரு வழி உள்ளது. முதலாம் பிரிவு எல்லையை வரையறுக்கிறது: வேலிக்கு உட்பட்ட நிலம் மட்டுமே. நீ அனுப்பிய பாடசாலைப் படத்தில், கேற்றுக்கு எதிரே, வீதிக்கு அப்பால் ஓர் ஈரப்பலா மரம் தெரிகிறது. என் கணிப்பின்படி பத்து அடி வைத்தால் அதனை அடையலாம். அம்மரம் எல்லைக்கு வெளியே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கு போ. அதன் கீழ் எந்த மொழியில் அழுதாலும் எப்பிரிவும் உன்னைத் தொடாது.

இது சிறிய விடை என்பதை அறிவேன்.

சி. கனிசியஸ்
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு

(கோடிட்டு அடைக்கப்பட்டுள்ளது.)


ஹீலோ
3 ஏப்ரல் 1988

அண்ணைக்கு,

உங்கடை கடிதத்தை வாசிச்சிட்டு மூண்டு நாள் கேயோனியோடையும் கதைக்கேல்லை. இரத்தம் ஓடுற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து அடி ஊமையாய் நட எண்டு எழுத உங்களாலைதான் ஏலும். உங்களுக்குப் பிள்ளை இல்லை எண்டு எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டன். நானும் கிழிக்கப் பழகியிட்டன்.

விதிவிலக்குக் கேக்கிறதெண்டுதான் கூட்டத்துக்குப் போனனான். நான் எழும்ப முந்தி மனுவேல் எழும்பி, அவவுக்கு எண்டால் எனக்கும் எண்டார். அந்த இடத்திலை உங்கடை சுவாமியார் வலையிலை விழுந்தது ஞாபகம் வந்திட்டுது. சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. எழும்பி, அவையின்ரை மொழியிலை, முதல் முதலாய் ஒரு கூட்டத்துக்கு முன்னாலை கதைச்சன். மனுவேல் வேலி ஓரமாய் இருந்தவர். “உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிற உந்த வேலியை எனக்காகத் திறக்காதேங்கோ. நான் வெளியிலை போய்க் கதைக்கிறன்” எண்டன். கேனா எண்ட சொல்லுச் சரியான இடத்திலை விழுந்தது. பெரிய மாமன் தொடையிலை தட்டினார். மனுவேல் அதே மொழியிலை, பிழை பிழையாய், தானும் வெளியிலை போறன் எண்டார்.

இப்ப அந்த ஈரப்பலாவுக்குக் கீழை பின்னேரத்திலை சந்தைதான். இங்கிலீசு, யப்பான், பிலிப்பைன்ஸ் பாசை, நான். பெரிய மாமன் காலாலை அளந்து பார்த்தவர். பத்தில்லை, பன்னிரண்டு அடி. உங்கடை கணக்குப் பிழை எண்டு சொல்லச் சொன்னவர்.

றோட்டிலை லொறி வாற நேரம், மாலியா கேற்றடியிலை நிக்க, நான் மரத்தடியிலை நிண்டு “உங்கை நில்லு, வாறன்” எண்டு கத்துவன். வாய் வெளியிலை, காது உள்ளுக்கை, இது மீறலோ எண்டு மனுவேல் கேட்டார். நாலாம் பிரிவு பேசிறதைத்தான் தடுக்குது, கேக்கிறதை இல்லை எண்டன். வக்கீலின்ரை தங்கச்சி எண்டு சிரிச்சிட்டுப் போனார். இப்ப பத்தொன்பது பிள்ளையளும் அதை விளையாட்டாக்கிப் போட்டுதுகள். ஒருத்தன் “உங்கை நில்லு” எண்டால் எல்லாம் சிலை மாதிரி நிக்க வேணும். “வாறன்” எண்டாப் பிறகுதான் அசையலாம்.

மாலியா இப்ப அம்மாவோடை கதைக்கக் காணும் அளவுக்குக் கதைப்பாள். ரெலிபோன் எப்ப வேலை செய்யும்?

ஸ்ரெல்லா


ஹீலோ
10 ஓகஸ்ட் 1990

அன்பின் அண்ணைக்கு,

தபால் இல்லை எண்டதாலை கொழும்பிலை கன்னியர் மடத்துக்கு அனுப்பிறன். கொண்டு வந்து தருவினம் எண்டு சொல்லியிருக்கினம். இரண்டு வருசமாய் நாலு வரி, அஞ்சு வரி எண்டு எழுதின நீங்கள், ஜூனிலை சண்டை திரும்பத் துவங்கினாப் பிறகு அதுவும் இல்லை. ரேடியோவிலை கோட்டையடி, குருநகர் எண்டு பேர் வரேக்கை கேயோனி எழும்பி நிப்பாட்டிறார். நான் திரும்பப் போடுறன்.

உந்த வீட்டிலை நிக்காதேங்கோ. உந்த வீடு கடலைப் பார்த்த வீடு. அம்மாவை உந்த வீட்டின்ரை பின்னறையிலை படுக்க விடுங்கோ. உந்த வீட்டுக் கிணத்துக் கட்டுக்குப் பக்கத்திலை பதுங்குகுழி வெட்டினியளோ? உந்த வீட்டையும் உறுதிக் கட்டுகளையும் விட்டிட்டு வெளிக்கிடுங்கோ எண்டால் கேப்பியளோ?

நான் ரிக்கற் எடுத்திட்டன். நவம்பர் 28 கொழும்பு. எப்பிடியும் வவுனியா வந்து, அங்காலை வாற வழியைப் பார்ப்பன். மாலியாவும் வாறாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறதுதான். கேயோனி மறிக்கேல்லை.

கீழை மாலியா தானாய் எழுதின வரி. நான் கை பிடிக்கேல்லை.

ஸ்ரெல்லா

அம்மம்மா உங்கை நில்லுங்கோ. வாறம். மாலியா


பண்டத்தரிப்பு
4 நவம்பர் 1990

அன்புள்ள தங்கைக்கு,

அருட்சகோதரி ஒருவர் நாளை கொழும்புக்குப் புறப்படுகிறார். இக்கடிதம் 28ஆம் திகதிக்கு முன் உன்னை அடைய வேண்டும். எனவே முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். பயணத்தை நிறுத்து. இது ஆலோசனை அன்று.

நாங்கள் இடம்பெயர்ந்து, இங்கு ஒரு பாடசாலையின் மூன்றாம் வகுப்பறையில் இருக்கிறோம். ஒன்பது குடும்பங்கள். ஜூன் மாதத்தில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிய பெருக்கல் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அதனை அழிக்க வேண்டாமென எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறைக்கு விதிகள் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதவில்லை. எந்தப் பிரிவை எழுதினாலும், அதில் முதலில் அகப்படுபவர் யாரெனத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு திருத்தம் அவசியம். “உந்த வீடு” என்று ஐந்து இடங்களில் எழுதியுள்ளாய். செப்ரெம்பரில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பின்சுவரும் கிணற்றுக் கட்டும் நிற்கின்றன. உறுதிகளில் இரண்டு கட்டுகளை மட்டும் எடுத்து வர முடிந்தது. எதிரே இருப்பவர் எழுந்து போனால் அச்சொல் பொருளிழக்கும் என்று முன்னர் உனக்கு எழுதியிருந்தேன். எழுந்து வந்தவன் நான். இனி அவ்வீடு உனக்கும் எனக்கும் ஒரே தூரம். “அந்த வீடு” என்று எழுது.

மாலியாவின் வரியை அம்மாவுக்கு வாசித்தேன். மீண்டும் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை தாளை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாதென்பதை நீ அறிவாய். “நில்லுங்கோ எண்டு மரியாதையாய்ச் சொல்லியிருக்கிறாள்” என்று அறையிலுள்ள ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் நான்கு வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. அதனை நான் தரவில்லை.

பின்னர் உனக்கும் பிள்ளைக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார். சொன்னதை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் பெறுவது என் தொழில் முறை. “நீங்கள் அங்கேயே இருங்கள்” என்று எழுதி வாசித்தேன்.

“அங்கை எண்டு நான் சொன்னனானே?” என்றார்.

வெட்டியிருக்கிறேன். மேலே திருத்தி எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். திருத்தப்பட்டபடி அம்மாவின் வரி இது:

பிள்ளை, உங்கை நில்லு.

உங்கள் பள்ளிக்கூட விளையாட்டைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தேன். “வாறன்” என்ற இரண்டாவது சொல்லையும் சேர்க்கவா என்று கேட்டேன். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டேன். சொல்லாத சொல்லை எழுதும் அதிகாரம் நொத்தாரிசுக்கு இல்லை.

ஆயினும் இதன் கீழே உனக்கென ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். கோடு இழுக்கவில்லை.

அண்ணை